ஜார்ஜ் பிரைஸ், மணி 10.58: ஒரு கேள்வியும் அதன் பின்னே சேர்ந்த குறிப்புகளும்

கேள்வி, நவம்பர் 2

முதல் உலகப்போர் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு கனடியச் சிப்பாய் பெல்ஜியத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான் என்று படித்தேன். பெயர் ஜார்ஜ் பிரைஸ். கட்டாயமாகப் பிடித்துப்போன பையன், சண்டை நிற்கப்போவது தெரியாமலே செத்தான், அந்தப் போரில் கடைசியாகச் செத்தவன் அவன்தான் என்றெல்லாம் போட்டிருந்தது. எவ்வளவு உண்மை? 10.58 என்று இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்? மூல ஆவணத்தை எங்கே பார்ப்பது?

நவம்பர் 2, இரவு 9.15

ஆள் உண்மை, இடம் உண்மை, நாள் உண்மை. மற்றதை உரசிப் பார்க்க வேண்டும்.

முழுப்பெயர் ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ். 1892 டிசம்பர் 15 அன்று நோவா ஸ்கோஷியாவின் ஃபால்மவுத்தில் பிறந்து, இன்று போர்ட் வில்லியம்ஸ் எனப்படும் பகுதியில் வளர்ந்தவர். இளவயதில் மேற்கே சஸ்காச்சுவான் மாகாணத்து மூஸ் ஜா நகருக்குப் போனார். படை எண் 256265. 28ஆம் பட்டாலியன், ஏ கம்பெனி. அந்தப் பட்டாலியன் 2ஆம் கனடிய டிவிஷனின் 6ஆம் பிரிகேடில் இருந்தது.

1918 நவம்பர் 11 அதிகாலை நான்கு மணிக்கு 28ஆம் பட்டாலியன் நகரத் தொடங்கியது. எதிர்ப்பு மெலிதாகத்தான் இருந்தது. ஒன்பது மணிவாக்கில் ஆவ்ரே ஊருக்கு எதிரே, சாந்தர் கால்வாயின் கரையை எட்டிவிட்டார்கள். அக்கரையில் வீல்-சூர்-ஏன் கிராமத்தின் செங்கல் வீடுகள். இக்கரையில் ஒதுங்க இடமில்லை, அந்த ஜன்னல்களுக்கு நேர் எதிரே நிற்கவேண்டிய நிலை. பிரைஸும் ஆர்தர் குட்மர்ஃபி என்ற தோழரும் இன்னும் மூவரும் பாலத்தைக் கடந்துபோய் வீடுகளைச் சோதித்தார்கள். ஒரு செங்கல் சுவரோரம் ஜெர்மானியர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திக்கொண்டிருந்தார்கள். சூடு கிளம்பியது. ஐவரும் ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பின்வாங்கிய ஜெர்மானியர் இயந்திரத் துப்பாக்கியால் வழியை மறித்துச் சுட்டபடியே போனார்கள். வீட்டிலிருந்த பெல்ஜியக் குடும்பம் எச்சரித்தும், பிரைஸ் தெருவில் கால் வைத்த நேரத்தில் மறைந்திருந்து சுட்ட ஒருவனின் குண்டு மார்பில் பாய்ந்தது. உள்ளே இழுத்துப் போட்டார்கள். தெருவைக் கடந்து ஒரு பெல்ஜியப் பெண், செவிலி, ஓடி வந்தார். பிரைஸ் பிழைக்கவில்லை.

26 வயது. பையன் அல்ல.

நவம்பர் 3, காலை 7.40

10.58 பற்றி.

வீரரின் சேவைக் கோப்பில் களப்பதிவுப் படிவம் ஒன்று இருக்கும். படைத்துறையில் அதன் எண் பி.103. அதில் தகவல் வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, நடந்தது என்ன, நடந்த இடம், நடந்த தேதி, குறிப்பு என்று பத்திகள். மணிக்குப் பத்தி கிடையாது. எந்தச் சாதாரணச் சிப்பாய்க்கும் அந்தப் படிவத்திலிருந்து சாவின் நேரம் கிடைக்காது. நேரம் வேண்டுமென்றால் உடனிருந்தவர் சொல், அல்லது பட்டாலியன் நாட்குறிப்பு.

பட்டாலியன் நாட்குறிப்பில் அதிகாரிகள் செத்தால் பெயர் வரும். சிப்பாய் செத்தால் பெரும்பாலும் 'பிற நிலையினர் ஒருவர்', அதாவது அதிகாரி அல்லாத ஒருவர், என்ற ஒற்றை வரி. அதுவும் அன்றன்றே எழுதப்பட்டது என்று நம்ப முடியாது. சண்டை ஓய்ந்த பிறகு பட்டாலியன் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்த்து எழுதுவது வழக்கம்.

ஆக 10.58 என்பது ஒரு களக் கைக்கடிகாரத்தின் நேரம். அது பொய் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பதால் மற்ற நாளைவிட நம்பலாம். ஆனால் 'இரண்டு நிமிடம்' என்பதைத் தராசில் நிறுத்த பொன்போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. பதினொரு மணி என்பது நேச நாட்டுப் படைகளின் நேரம். ஜெர்மன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது, எனவே சுட்டவனின் கையில் அப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. ஜெர்மன் பதிவுகளைப் படிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நவம்பர் 3, இரவு 10.05

திருத்தம். நேற்று 26 வயது என்று எழுதிவிட்டேன். 1892 டிசம்பர் 15இலிருந்து 1918 நவம்பர் 11 வரை எண்ணிப் பாருங்கள்: 25 முடிந்து, 26 நிறைய இன்னும் 34 நாள். பிறந்த ஆண்டை இறந்த ஆண்டிலிருந்து கழித்தால் வரும் வழக்கமான பிழை இது.

நவம்பர் 5, மாலை 6.30

'தெரியாமலே செத்தான்' என்பது.

போர்நிறுத்த ஒப்பந்தம் பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில் விடியற்காலை ஐந்து மணி கடந்து கையெழுத்தானது. ஐந்து மணி என்று கணக்கில் எழுதி, ஆறு மணி நேரம் கழித்துச் சண்டை நிற்கும் என்றார்கள். அந்த ஆறு மணி நேரம் சேதி போய்ச் சேருவதற்காக. கனடியப் படைப்பிரிவின் தலைமையகத்துக்கு 6.30க்குத் தகவல் கிடைத்தது. அங்கிருந்து டிவிஷன், பிரிகேட், பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன், செக்ஷன் என்று பெரிய பிரிவிலிருந்து சிறியதற்குப் படியிறங்க வேண்டும். பிரிகேட் வரை செய்திக் கம்பி இருக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டாலியனுக்குக் கம்பி இழுத்து முடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதற்குக் கீழே ஓடி ஓடிச் சேதி சொல்லும் ஆள்தான்.

28ஆம் பட்டாலியனுக்கு ஒன்பது மணியளவில் சேதி வந்துவிட்டது. 'படைக்குத் தெரியாது' என்பது தவறு. கரையில் நிற்கும் ஐந்து பேருக்குத் தெரிந்ததா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் கதை பிறக்கிறது.

சேதியில் இருந்ததையும் கவனிக்க வேண்டும். பதினொரு மணிக்குச் சண்டை நிற்கும், எட்டிய கோட்டில் அப்படியே நிற்க வேண்டும், தற்காப்பைத் தளர்த்தக் கூடாது, எதிரியோடு பேச்சுவார்த்தை கூடாது. பதினொரு மணிக்கு முன்பே நின்றுவிடலாம் என்று அதில் இல்லை. எதிரே இருக்கும் ஜன்னல்களில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்க்கப் போனது அர்த்தமற்ற வீரச்செயல் என்று எழுதுகிறவர்கள், அந்தக் கரையில் ஒதுங்க ஒன்றுமில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் முறிந்தால் முதல் குண்டு வருவது அங்கிருந்துதான்.

நவம்பர் 6, பிற்பகல் 1.20

'கடைசி' என்ற சொல்லுக்கு எல்லை கட்டாமல் பயன்படுத்தாதீர்கள். பிரைஸ், மேற்கு முனையில், அதாவது பிரான்ஸ்-பெல்ஜியப் போர்முனையில், சண்டையில் கொல்லப்பட்ட கடைசி பிரிட்டிஷ் பேரரசுப் படைவீரர் என்று அறியப்படுகிறார். அவ்வளவுதான். அமெரிக்கரான ஹென்றி கந்தர் 10.59க்குச் செத்தார். பிரெஞ்சுக்காரரான ஒகுஸ்தேன் ட்ரெபுஷோன் 10.45க்கு. அவர் கல்லறையில் தேதி நவம்பர் 10 என்று இருக்கிறது. போர் நின்ற நாளில் செத்ததாகப் பதிய பிரெஞ்சுத் தரப்பு விரும்பவில்லை. கல்லில் வெட்டியதும் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அதே நவம்பர் 11 அன்று வட ரஷ்யாவில் துல்காஸ் என்ற ஊரில் கனடியப் பீரங்கிப் படையினர் போல்ஷெவிக்குகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். கொம்பியேன் கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

காயத்தாலும் நோயாலும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களையும் அந்தப் போரின் இறந்தோர் கணக்கில் சேர்க்கிறது.

நவம்பர் 6, இரவு 8.50

இப்போது ஆவணம். கேட்டவருக்கு அவசியமான பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக.

கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் முதல் உலகப்போர்ப் படையினரின் ஏறத்தாழ 6,22,000 சேவைக் கோப்புகளையும் படியெடுத்து முடித்தது 2018இல். இலவசம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஜார்ஜ் பிரைஸ் என்ற பெயரில் பலர் இருப்பார்கள், 256265 ஒருவர்தான். அதிகாரிகளுக்கு மட்டும் எண் கிடையாது.

கோப்பைத் திறந்ததும் முதலில் சேர்க்கைத் தாள். பிறகு மருத்துவத் தாள்: உயரம், மார்பளவு, தடுப்பூசி. பிறகு சம்பளக் கணக்கு. சாதாரணச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு டாலர், களப்படி பத்து சென்ட், ஆக 1.10. வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்கினார், யார் பெயருக்கு என்பது இந்தத் தாளில் இருக்கும். ஒருவருக்கு யார் முக்கியம் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

பிறகு பி.103. இதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் தவறுகிறார்கள். இடது ஓரத்துத் தேதி தகவல் வந்த தேதி. நடந்த தேதி வலப்பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். இடதைப் பார்த்து இறந்த நாளை எழுதினால் பிழை.

சுருக்கெழுத்துகள். டி.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவின் ஆள்கணக்கில் சேர்த்தார்கள். எஸ்.ஓ.எஸ். என்றால் கணக்கிலிருந்து எடுத்தார்கள். உதவி கேட்டு அனுப்பும் கப்பல் சமிக்ஞை அல்ல! செத்தாலும் எஸ்.ஓ.எஸ்., வேறு பிரிவுக்கு மாற்றினாலும் எஸ்.ஓ.எஸ். ஜி.எஸ்.டபிள்யூ. என்றால் துப்பாக்கிக் காயம் என்று விரியும், ஆனால் குண்டுச் சிதறல் பட்டவர்களுக்கும் அதையே எழுதினார்கள். கே.இன்.ஏ. என்றால் சண்டையில் கொல்லப்பட்டவர். டி.ஆஃப்.டபிள்யூ. என்றால் மருத்துவப் பிரிவை எட்டியபின் காயத்தால் இறந்தவர். பிரைஸ் காயம்பட்டு ஒரு நிமிடம் போல உயிரோடிருந்தும் முதல் வகையில்தான் வருவார், ஏனென்றால் எந்த மருத்துவப் பிரிவும் அவரைக் கையேற்கவில்லை.

இதற்கு வெளியே 'இறப்புச் சூழல்' பதிவேடு ஒன்று தனியாக உண்டு. சிலருக்கு ஐந்தாறு வரி, பலருக்கு 'சண்டையில் கொல்லப்பட்டார்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

நவம்பர் 7, காலை 6.55

நேற்று விட்டது. பட்டாலியன் நாட்குறிப்பை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். அதே நாளுக்குப் பிரிகேட் நாட்குறிப்பு, டிவிஷன் நாட்குறிப்பு இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சேதி எத்தனை மணிக்கு எங்கே வந்தது என்பது மூன்றிலும் வெவ்வேறாக இருந்தால், அந்த இடைவெளிதான் சேதி கொண்டு ஓடிய ஆளின் நேரம். பின்னிணைப்பில் கட்டளைத் தாள்களும் கம்பிச் செய்திகளும் இருக்கும், நாட்குறிப்பைவிட அவை நம்பத்தக்கவை, ஏனென்றால் அந்தந்த நேரத்தில் எழுதியவை.

இடம் பற்றி வரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு புரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். வரைபடத் தாள் பெரிய எழுத்துச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதற்குள் எண் சதுரம், பக்கத்துக்கு 1,000 கெஜம். அதற்குள் சிறிய எழுத்து நான்கு, ஒவ்வொன்றும் 500 கெஜம். கடைசி இரண்டு இலக்கம் அந்த 500ஐப் பத்தாகப் பிரிப்பவை, எனவே ஒரு புள்ளி 50 கெஜம், ஏறத்தாழ 46 மீட்டர். தென்மேற்கு மூலையிலிருந்து எண்ண வேண்டும்: முதல் இலக்கம் கிழக்கே, இரண்டாவது வடக்கே. மேலிருந்து கீழே எண்ணினால் கால்வாயின் தப்பான கரையில் நிற்பீர்கள்.

நவம்பர் 8, இரவு 9.30

கட்டாய ஆள்சேர்ப்பு.

1917 அக்டோபர் 15 அன்று அவர் கட்டாயச் சேர்ப்பில் எடுக்கப்பட்டார் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. சட்டம் 1917 ஆகஸ்ட் 29இல் வந்தது. முதல் வகுப்பு 20 முதல் 34 வரையுள்ள, மணமாகாத ஆண்கள், பிள்ளையில்லாத மனைவியிழந்தோர். 24 வயது பிரைஸ் அதில் வருவார். ஆனால் அழைக்கப்பட்டவர்களைப் பெரும் எண்ணிக்கையில் உள்ளே எடுக்கத் தொடங்கியது 1918 ஜனவரியில். அக்டோபர் என்ற தேதி அதற்கு முன்னால் நிற்கிறது.

இப்படி இடிக்கும்போது பார்க்க வேண்டியது சேர்க்கைத் தாளின் தலைப்பு. தன்விருப்பில் வந்தவருக்கு ஒரு படிவம், சட்டப்படி எடுக்கப்பட்டவருக்கு வேறு படிவம். பின்னதில் 1917 சட்டத்தின் பெயரே தலையில் அச்சாகியிருக்கும், கேள்விகளும் குறைவு. தலைப்பைப் பார்க்காமல் 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று எழுதுவது சரியல்ல.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். அந்தச் சட்டத்தால் வந்தவர்களில் போர் முடிவதற்குள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் களத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 24,132 பேர். அவர்கள் போய்ச் சேர்ந்த வேளை, 1918 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 11 வரையான கடைசி நூறு நாள். அந்த நூறு நாளில் கனடியப் படைக்கு இறந்தோர், காயம்பட்டோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்த்து 45,000க்கு மேல். மூன்றாண்டு சேற்றில் கிடந்த பிறகு 'வென்றுகொண்டிருந்த' மாதங்கள்தான் இவ்வளவு விலை வாங்கின.

நவம்பர் 9, பிற்பகல் 3.10

பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரைக் கடைசி நாளில் பிடித்தது வீண் உயிர்ச்சேதமா என்ற பழைய சண்டையை இங்கே இழுத்திருக்கிறீர்கள். சுருக்கமாக: மோன்ஸில் நுழைந்தது 3ஆம் டிவிஷன். பிரைஸ் 2ஆம் டிவிஷன், நகருக்குக் கிழக்கே. 1927இல் ஒன்டாரியோவின் போர்ட் ஹோப் பத்திரிகை ஒன்று கனடியப் படைத் தளபதி ஆர்தர் கரி வீணாக ஆட்களைப் பலிகொடுத்தார் என்று எழுத, அவர் 50,000 டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 1928இல் கோபர்க் நகரில் விசாரணை. வென்றார், கிடைத்தது 500 டாலரும் செலவும். பிரைஸின் சாவை அந்த வழக்கின் சாட்சியாக ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. அது வேறு டிவிஷன், வேறு கட்டளை.

நவம்பர் 10, காலை 8.00

'ஏன் அவர் உடலை ஊருக்குக் கொண்டுபோகவில்லை?'

யாரையும் கொண்டுபோகவில்லை. பணமுள்ளவன் வீட்டுப் பிள்ளை திரும்ப, இல்லாதவன் பிள்ளை அங்கேயே கிடக்கக் கூடாது என்பதற்காகப் பேரரசுப் படைகள் முழுவதற்கும் ஒரே விதி. முதல் உலகப்போரின் கனடியர்களில் அதிகாரபூர்வமாகத் தாய்மண்ணுக்கு வந்தவர் ஒரே ஒருவர், அதுவும் பெயர் தெரியாதவர். பிரான்சின் கபாரே-ரூழ் கல்லறையிலிருந்து எடுத்து, 2000 மே 28 அன்று ஒட்டாவாவின் தேசியப் போர் நினைவுச்சின்னத்தடியில் வைத்தார்கள்.

பெயர் ஏன் தொலைகிறது என்பதற்கு ஒரு சிறு பொருள்தான் காரணம். ஆரம்பத்தில் கழுத்தில் அடையாள வில்லை ஒன்றுதான். இறப்பைப் பதிய அதைக் கழற்றி எடுத்துப்போனால் உடலில் பெயரே இல்லை. 1916இல் இரண்டாக்கினார்கள். சிவப்பு வட்டத்தைக் கழற்றலாம், பச்சை எண்கோணம் உடலோடு இருக்க வேண்டும். அழுத்திய நாரால் செய்தவை, ஈரமண்ணில் மக்கிப்போகும். முன்னது நடைமுறைப் பிழை, பின்னது பொருளின் பிழை, இரண்டாலும் கல்லறைகளில் பெயரற்றவர்கள் குவிந்தார்கள். பிரான்சில் காணாமற்போன கனடியர் 11,285 பேரின் பெயர் அங்குள்ள விமி நினைவுச்சின்னத்தில் இருக்கிறது.

பிரைஸுக்கு அந்த நிலை வரவில்லை. முதலில் ஆவ்ரே ஊர்க் கல்லறையில் புதைத்தார்கள். பிறகு மோன்ஸுக்குப் பக்கத்திலுள்ள சேன்ட் சிம்ஃபோரியன் படைக் கல்லறைக்கு மாற்றினார்கள். குறியீடு வி.சி.4. முதல் எழுத்து ரோமன் ஐந்து: ஐந்தாம் பகுதி, சி வரிசை, நான்காம் குழி.

நவம்பர் 10, இரவு 11.20

கல்லறைக்குப் போகிறேன் என்றவருக்கு.

சேன்ட் சிம்ஃபோரியன் மற்ற கல்லறைகளைப் போல வரிசை பிடித்து நிற்காது. 1914இல் மோன்ஸ் சண்டைக்குப் பிறகு ஜெர்மானியர் அமைத்தது, நிலம் கொடுத்தவர் உள்ளூர்க்காரர். மேடு பள்ளமும் மரங்களுமாக இருக்கும், பகுதி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஜெர்மானியர் 284, காமன்வெல்த் வீரர் 229. போரில் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் என்று அறியப்படும் ஜான் பாரும், கடைசி பிரிட்டன் நாட்டுச் சிப்பாய் (பிரைஸ் கனடியர்) ஜார்ஜ் எலிசனும் எதிரெதிரே கிடக்கிறார்கள். எலிசன் செத்தது 1918 நவம்பர் 11 காலை 9.30க்கு. பிரைஸ் கிடப்பதும் அதே கல்லறையில்தான்.

கல் 813 மில்லிமீட்டர் உயரம், 381 அகலம், 76 தடிமன். எல்லாருக்கும் ஒரே அளவு, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும். உச்சியில் மேப்பிள் இலை, எண், பதவி, பெயர், பட்டாலியன், தேதி. அடியில் குடும்பம் விரும்பினால் ஒரு வரி, இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். நியூசிலாந்து அந்த வரியை அனுமதிக்கவே இல்லை. கனடா அனுமதித்து, செலவையும் அரசே ஏற்றது.

வீல்-சூர்-ஏனில் பிரைஸ் ஒதுங்கிய அந்த வீடு இன்று இல்லை. 1968இல், ஐம்பதாம் ஆண்டில், பழைய தோழர்கள் அதன் சுவரில் பதித்த பலகை, வீடு இடிந்தபின் பக்கத்திலேயே ஒரு சிறு நினைவுச் சுவருக்கு மாறியது. கால்வாய்க்கு மேல் 1991இல் அவர் பெயரில் ஒரு நடைபாலம் வந்தது. முதலில் நடைபாலத்துக்குப் போங்கள், பிறகு கல்லறை. இரண்டுக்கும் நடுவில் வண்டி வேண்டும்.

நவம்பர் 12, மாலை 5.45

இரண்டாம் உலகப்போரில் செத்த ஒருவரைத் தேடுகிறேன் என்று கடைசியாக வந்தவருக்கு: அதில் தரைப்படைச் சிப்பாயின் எண்ணின் முன்னே எழுத்து ஒன்று இருக்கும், அதுவே ஊரைச் சொல்லும். பி என்றால் டொரன்டோ வட்டாரம், எஃப் நோவா ஸ்கோஷியா, எல் சஸ்காச்சுவான், கே பிரிட்டிஷ் கொலம்பியா. சேவையில் இறந்த 44,000க்கு மேற்பட்டோரின் கோப்புகள் திறந்தே இருக்கின்றன. உயிரோடு திரும்பியவரின் கோப்பு அப்படி அல்ல, அதற்கு இறந்த சான்று கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தையும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், எழுத்தை விட்டால் வேறொருவர் கோப்பு வரும்.